மூச்சு தயார், எலும்பு தயாரில்லை: காயத்திலிருந்து மீளும் ஓட்டக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் காயத்தில் சிக்கும் ஓட்டக்காரர்கள் செய்யும் தவறுகள் மாறுவதே இல்லை. வலியோடு ஓடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுவோம். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் இவை.

ஓட்டத்தோடு பயிற்சியையும் நிறுத்துவது

சும்மா இருந்தால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்மப் பகுதி குறையத் தொடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இறங்குவது நன்றாகத் தெரியும். வாரம் 3, 4 நாள் இதயத்துக்கு வேலை கொடுத்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். நேரத்தைக் குறைத்தாலும் கடுமையைக் குறைக்காதீர்கள். உடல்தகுதியைத் தக்கவைப்பது அதுதான்.

காயத்துக்குப் பொருந்தாத மாற்றுப் பயிற்சி

சைக்கிள் சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்க வலி கூடும். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும். நின்றபடி பெடலைச் சுழற்றும் எலிப்டிகல் இயந்திரத்தில் பாதம் மேலெழாவிட்டாலும் உடல் எடை காலில்தான் நிற்கிறது. எலும்பு விரிசலின் தொடக்க வாரங்களில் அது வேண்டாம்.

ஆழ்நீர் ஓட்டம்தான் நிஜ ஓட்டத்துக்கு மிக அருகில் வருவது. மிதவை பெல்ட் கட்டி, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், உடலை நிமிர்த்தி ஓட வேண்டும். முன்னால் சாய்ந்தால் அது நீச்சலாகிவிடும். 10 நிமிடம் மெதுவாக, பிறகு 3 நிமிடம் கடுமையாக, 1 நிமிடம் இளைப்பாறல் என 6 முறை. நீரில் இதயத் துடிப்பு குறைவாகவே காட்டும். தரையில் பார்த்த எண்ணைத் துரத்தாமல், உடல் உணரும் கடுமையை வைத்து அளவிடுங்கள்.

மூச்சு வாங்கவில்லை என்று பழைய ஓட்டத்துக்கே போவது

வீணாக வரவழைத்துக்கொள்ளும் காயம் இதைப்போல் வேறில்லை. இதில் மாட்டுபவர் சோம்பியிருந்தவர் அல்ல. ஆறு வாரம் நீரிலும் சைக்கிளிலும் ஒழுங்காக உழைத்தவர். முதல் நாள் மைதானத்தில் இறங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது, வலியும் இல்லை. 2 கிலோமீட்டர் என்று கிளம்பியது 6 ஆகிறது. மறுநாளும் ஓடுகிறார். இரண்டாவது வாரம் அதே இடத்தில் சுரீரென்கிறது. இந்த முறை ஓய்வு முன்னைவிட நீளம்.

இதயமும் நுரையீரலும் பயிற்சியில் இருந்தன. எலும்பும் தசைநாணும் இல்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீரிலும் சைக்கிளிலும் அந்த அடி விழுவதில்லை. சுமை இல்லாத வாரங்களில் அதைத் தாங்கும் வலு குறைந்திருக்கும், அதை மூச்சு காட்டாது. மூச்சு தேறிய ஒருவரைத் தடுத்து நிறுத்தக் களைப்பும் வராது என்பதுதான் ஆபத்தே.

தொடங்குமுன் மூன்றைச் சோதியுங்கள்: 30 நிமிட வேக நடை, காயம்பட்ட ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் உயர்த்தல், அதே காலில் 10 முறை குதித்தல். எலும்புக் காயமென்றால் அப்போதும் மறுநாள் காலையிலும் வலி துளியும் இருக்கக் கூடாது. தசைநாண் காயமென்றால் 10க்கு 3 வரை பொறுக்கலாம், அதுவும் மறுநாள் காலைக்குள் அடங்கினால் மட்டும்.

பிறகு 1 நிமிட ஓட்டம், 4 நிமிட நடை, 6 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு முறை சிக்கலில்லாமல் முடிந்தால் 2 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை. இப்படியே நடையைக் குறைத்து, 30 நிமிடம் தொடர்ந்து ஓடும்வரை மேடும் வேகப் பயிற்சியும் கிடையாது. இடைப்பட்ட நாட்களில் நீர் ஓட்டம் தொடரட்டும்.

தொடை எலும்பின் கழுத்திலோ பாதத்தின் நாவிகுலர் எலும்பிலோ விரிசல் என்றால் இந்த அட்டவணையைத் தொடவே வேண்டாம். மருத்துவர் அனுமதித்த பிறகே எதுவும்.

வலி மாத்திரை போட்டு ஓடிப் பார்ப்பது

கூடாது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல வலியை விட்டால் வேறு வழியில்லை.

சாப்பாட்டைக் குறைப்பது

எடை கூடும் பயத்தில் பட்டினி கிடந்தால் எலும்பு ஆறுவது தள்ளிப்போகும். புரதத்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் வைத்திருங்கள்.

நல்ல காலுக்கும் ஓய்வு கொடுப்பது

ஒரு காலைக் கட்டிப்போட்டிருந்தாலும் மற்றக் காலுக்கு எடைப் பயிற்சி செய்யுங்கள். அதன் பலனில் ஒரு பங்கு நரம்புகள் வழியே காயம்பட்ட காலுக்கும் சேர்வதால், அந்தப் பக்கம் வலு இழப்பது குறையும்.