சோரான் புஷி ரீமிக்ஸ்: வலை இழுத்த பாட்டைக் குழு ஆட்டத்துக்குத் தயார் செய்யும் முறை

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஹெர்ரிங் மீன் பிடித்தவர்கள் பாடிய வேலைப் பாட்டுதான் சோரான் புஷி. பெருவலையில் சிக்கிய மீனை நீண்ட காம்புள்ள கைவலையால் அள்ளிப் படகில் கொட்ட வேண்டும். அத்தனை பேர் கையும் ஒரே சமயத்தில் எழ வேண்டும். அவர்கள் போட்ட ‘தொக்கோய்ஷோ’வுக்கும் நம் ‘ஐலசா’வுக்கும் வேலை ஒன்றே.

ஷிகோகு தீவின் கோச்சி நகரில் 1954 முதல் நடந்துவருவது யோசகோய் தெரு ஆட்டம். அதையும் இந்தப் பாட்டையும் இணைத்து 1992-இல் சப்போரோவில் மாணவர்கள் தொடங்கியது யோசகோய் சோரான் விழா. விதி எளிது. ஆடுபவர் கையில் நருகோ என்னும் மரக் கிலுக்கு இருக்க வேண்டும்; இசையில் எங்காவது சோரான் புஷியின் ஒரு வரி வர வேண்டும். மற்றபடி ராக், சாம்பா, எலெக்ட்ரானிக் எதுவும் சேரலாம்.

முதலில் குரல்

பாட்டு நாட்டார் பாட்டு. அதை யாரும் பாடலாம். ஒலிப்பதிவு அப்படியல்ல, பாடியவருக்கும் வெளியிட்டவருக்கும் அதில் உரிமை உண்டு. எனவே நண்பர் ஒருவரைப் பாடவைத்து நீங்களே பதிவு செய்வது நல்லது. கோச்சி ஆட்டத்தின் பாட்டான ‘யோசகோய் நருகோ ஓதோரி’யை நாட்டார் பாட்டு என்று எண்ணிவிடாதீர்கள், அது தக்கேமாசா எய்சாக்கு இயற்றியது.

பிறகு வேகம்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். டெம்போவை 140 (நிமிடத்துக்கு 140 தாள அடி) என்று வையுங்கள். பாட்டை 4 நிமிடத்தில் முடித்தால் 560 அடிகள் கிடைக்கும். ஆடுபவர்கள் எட்டெட்டாக எண்ணுவதால் அது 70 எட்டுகள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எந்த எட்டில் குரல், எந்த எட்டில் மேளம், எங்கே மௌனம் என்று குறித்த பிறகு கணினியைத் தொடுங்கள்.

துணையின்றிப் பாடுபவர் மெட்ரோனோம்போல் பாடமாட்டார். மூச்சு வாங்குவார், ஓரிடத்தில் நீட்டுவார். முழுப் பதிவையும் ஒரேயடியாக இழுத்துப் பொருத்தினால் குரல் ரப்பராகிவிடும். வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு வரியின் முதல் அசையை மட்டும் தாளத்தில் உட்காரவையுங்கள். ‘சோரான் சோரான்’ முடியும் இடத்தில் குரல் வளைந்து நடுங்குமே, அந்தக் கமகத்தை ஜப்பானியர் கோபுஷி என்பார்கள். அதற்கு நடுவே கத்தரி வைக்காதீர்கள். அது தாளத்தைச் சற்று மீறினாலும் மீறட்டும்.

மேளம்

நான் முதலில் செய்த ரீமிக்ஸில் நான்கு அடியிலும் ஒரே கனத்தில் பேஸ் டிரம்மை இறக்கினேன். காதுக்குப் பிரமாதமாக இருந்தது. ஆடிப் பார்த்தபோது இடுப்பு எங்கே இறங்குவது, எங்கே நிமிர்வது என்று தெரியாமல் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பாட்டின் உயிர் இரண்டே அடிகளில் இருக்கிறது: ஒன்றில் இழு, அடுத்ததில் விடு. இழுக்கும் அடிக்குத் தைகோ மேளத்தின் கனத்த ஓசை, விடும் அடிக்கு மேள விளிம்பில் ஒரு மெல்லிய தட்டு. இவ்வளவு செய்தாலே உடல் தானாகக் குனியும்.

சுரம்

மெட்டு நகரும் ஐந்து சுரங்களையும் கர்நாடக இசை தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஏறக்குறைய நம் சுத்த தன்யாசிதான். அதனால் கனமான கார்டுகளை அடுக்காமல் ஸவும் பவும் மட்டும் சேர்ந்த கிட்டார் ஒலியை அடியில் ஓடவிடுங்கள். மூன்று தந்தி ஜப்பானிய வாத்தியமான ஷாமிசென் சேர்த்தால் அதை மெட்டுக்கருவியாக மட்டும் பார்க்க வேண்டாம். வட ஜப்பானின் த்சுகாரு பாணியில் மீட்டும் மட்டை தந்தியோடு தோலையும் அறையும். அந்த அறையே பாதி தாளம்.

இடம் விடுதல்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நருகோ, வயலில் பறவை விரட்டிய கருவியிலிருந்து வந்தது. நூறு பேர் ஒன்றாக ஆட்டினால் அதன் ‘சடக்’ ஓசை கூர்மையாக மேலே நிற்கும். நீங்கள் அதே இடத்தில் சிம்பலையும் ஷேக்கரையும் நிரப்பிவைத்தால் இரண்டும் மோதும். நருகோ ஒலிக்கும் எட்டுகளில் மேல் ஒலிகளை எடுத்துவிடுங்கள். ‘தொக்கோய்ஷோ’ வரும் இடத்தில் பதிவுக் குரலையும் பாதியாகக் குறையுங்கள். அதை ஆடுபவர்கள் கத்தட்டும்.

ஊர்வலமாக ஆடுவதென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலிபெருக்கி லாரி முன்னே போகும். அதிலிருந்து 34 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஓசை பத்தில் ஒரு நொடி தாமதமாகச் சேரும். 140 டெம்போவில் அது கிட்டத்தட்ட ஒரு தாள அடியில் கால் பங்கு. கடைசி வரிசை சோம்பேறிகள் என்று திட்டிப் பயனில்லை. நுணுக்கமான துரிதச் சொற்கட்டுகளை மேடைப் பதிப்புக்கு வைத்துக்கொண்டு, தெருப் பதிப்பில் முதல் அடியைத் தெளிவாக விடுங்கள்.

ஹெட்போனில் திருப்தி வந்ததும் நிறுத்திவிடாமல், ஒரு சிறிய ஒலிபெருக்கியைத் திறந்தவெளிக்கு எடுத்துப்போய் பத்துப் பேரோடு முழுப் பாட்டையும் இருமுறை ஆடிப் பாருங்கள். இரண்டாம் முறை நாற்பதாவது எட்டுக்குள் மூச்சு வாங்கினால், அங்கே 4 எட்டுகளுக்கு மேளத்தை நிறுத்திப் புல்லாங்குழலை மட்டும் விடுங்கள்.