‘இருக்கட்டும் சாமி’ என்றால் வேண்டாம் என்று பொருள்: முதியோர் இல்லத்துக்கு நாயோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நாளே தவறு செய்தேன். சேலத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். ஞாயிற்றுக்கிழமை காலை. என்னுடைய பழுப்பு நிற லாப்ரடார் கருப்பட்டி, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த அம்மாக்களில் ஒருவரின் மடியில் போய்த் தலையை வைத்தது. அவர் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு, “இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்” என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படம்கூட எடுத்தேன். அன்று இரவு அவர் தூங்கவே இல்லை என்று அங்கே வேலை செய்யும் பெண் மறுவாரம் சொன்னார். 10 வயதில் அவரைத் தெருநாய் கடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி.

காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டு, எதிரில் இருப்பவர் ‘இருக்கட்டும்’ என்றால் வேண்டாம் என்று பொருள். பிறந்ததிலிருந்து இது எனக்குத் தெரியும். காபியில் தெரிந்தது நாயில் தெரியவில்லை.

மடியில் தலை வைத்துக் கிடக்கும் நாயால் தனிமையில் இருப்பவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. இதற்கென்று பழக்கிய நாய்களைத் தெரபி நாய்கள் என்கிறோம். சேலத்திலும் ஏற்காட்டிலும் நாய் வளர்ப்பவர்கள் சிலர், ‘நானும் கூட்டிப்போகலாமா’ என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நான் செய்த தவறுகளையும், பிறர் செய்து நான் பார்த்த தவறுகளையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கேட்காமல் கேட்பது

இன்று இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயிற்று ஊசித் தலைமுறை. வெறிநாய்க்கடிக்கு அன்று போட்டது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அது தயாரானது. வயிற்றில் நாள் தவறாமல் போட வேண்டும். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. அந்த மருந்தும் வழக்கொழிந்துவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கடிபடாதவர்களுக்கும் அண்ணனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ பிடித்து வைத்து ஊசி போட்டது நினைவிருக்கும்.

ஆகவே நாயை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு “தொட்டுப் பாருங்கள் பாட்டி” என்பது கேட்பதாகாது. வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. முகத்துக்கு நேரே மறுக்காது. முதல் நாளே இல்லத்து ஊழியர் மூலம், நாய் இல்லாத நேரத்தில் கேட்கச் சொல்லுங்கள். போன பிறகும் பத்தடி தள்ளி நின்று நாயை உட்கார வையுங்கள். “இங்கிருந்தே பார்த்தால் போதுமா?” என்று கேளுங்கள். மறுப்பதற்கு எளிதாக இருக்கிற கேள்வியைத்தான் கேட்க வேண்டும். வாய் என்ன சொன்னாலும் கையைப் பாருங்கள். நாயை நோக்கிக் கை இறங்கினால் சரி. முந்தானையை இழுத்துப் பிடித்தால், கட்டிலின் விளிம்பைப் பற்றினால், காலை மேலே தூக்கிக்கொண்டால் அடுத்த கட்டிலுக்கு நகருங்கள்.

வேண்டாம் என்பதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை. தொழுகை செய்கிறவர்கள் பலர், நாயின் எச்சில் பட்டால் கழுவித் தூய்மை செய்த பிறகே தொழுவார்கள். காலைக் குளியல் முடிந்து விளக்கு ஏற்றப் போகிற அம்மாவுக்கும் அதே சங்கடம்தான். இன்னொரு பாட்டி இருக்கிறார். கருப்பட்டியைக் கண்டதும் “பைரவர் வந்துவிட்டார்” என்று கைகூப்புவார். ஒருநாளும் தொட்டதில்லை. நாங்கள் போகாத வாரம் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டு அனுப்புவார்.

‘என் நாய் எல்லோரிடமும் பாசமாக இருக்கும்’

இப்படிச் சொல்லி வருகிறவர்களின் நாய்தான் பெரும்பாலும் பொருந்தாது. வாசலில் யார் வந்தாலும் பாய்ந்து முன்னங்காலைத் தோளில் வைக்கும் பாசம், 80 வயதுக்காரரின் இடுப்பெலும்பை முறித்துவிடும். இங்கே வேண்டியது பாசத்தைவிட நிதானம். எவர்சில்வர் தட்டு தரையில் விழும் ஓசை, சக்கர நாற்காலி, வாக்கர், திடீரென்று யாரோ அலறுவது, முன்பின் தெரியாதவர் மேலிருந்து குனிந்து கட்டிப்பிடிப்பது, இவை எதற்கும் கலங்காத நாய் வேண்டும். குட்டி வேண்டவே வேண்டாம். மருத்துவமனைகளுக்கு நாய்களை அழைத்துவருவது பற்றி அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு வல்லுநர்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது 1 வயது நிரம்பியிருக்க வேண்டும், 2 வயது என்றால் இன்னும் நல்லது என்கிறது. நாட்டு நாயா வெளிநாட்டு இனமா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

வித்தை காட்டச் சொல்வதையும் விட்டுவிடலாம். கை கொடு, உருண்டு காட்டு என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளரிடம், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவந்துவிட்டார்கள். அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. சிறுவன் நாயோடு ஒட்டிக்கொண்டான். அதிலிருந்து பிறந்த, சிகிச்சையில் நாயின் துணை பற்றிய அவருடைய கட்டுரை 1962இல் வந்தது. அந்த நாய் செய்ததெல்லாம் அங்கே இருந்தது மட்டும்தான்.

இன்னொன்று. இணையத்தில் ‘தெரபி’ என்று எழுதிய மேலங்கி கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டதால் எங்கும் நுழையும் உரிமை வந்துவிடாது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, இது வேறு. இல்லத்தார் அனுமதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நாயும் ‘இருக்கட்டும்’ என்று சொல்லும்

என்னுடைய இரண்டாவது பெரிய தவறு மலை மேல் நடந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் வயிறு நிறையத் தயிர்ச்சோறு போட்டுக் கருப்பட்டியைக் காரில் ஏற்றினேன். பாதி வளைவுகள் தாண்டியதும் பின் இருக்கையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. துடைத்துவிட்டு, காத்திருப்பார்களே என்று நேராக இல்லத்துக்கே போனேன். உள்ளே நுழைந்ததும் அது கொட்டாவி விட்டது. பசியில்லாமலே உதட்டை நக்கிக்கொண்டது. நனையாத உடம்பை நனைந்ததுபோல் உதறியது. என் காலுக்குப் பின்னால் வந்து நின்றது. “பாவம், தூக்கக் கலக்கம்” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நினைவு தப்பிய ஒரு பெரியவர் அதன் காதை இறுக்கிப் பிடித்தார். கருப்பட்டி ஒரே ஒரு முறை உறுமியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் மூன்று மாதம் எங்கும் போகவில்லை.

கொட்டாவி, உதடு நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, வாலை இடுக்குவது, பின்னால் ஒளிவது எல்லாம் நாய் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லும் விதங்கள். அவற்றைக் கேட்காதபோதுதான் உறுமும். உறுமியதற்காக அடிக்கவோ அதட்டவோ செய்யாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். பேசாமல் வெளியே அழைத்துப் போங்கள்.

மலைக்குப் போவதானால் நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். வழியில் ஓரிரு இடத்தில் நிறுத்தி இறக்குங்கள். மேலே சேர்ந்ததும் அரை மணி நேரம் நடக்க விடுங்கள். காப்பித் தோட்டத்து ஓரமாக நடத்தினால், உள்ளே நுழையும் முன் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். மழைக்காலத்தில் ஈரக் காலோடு டைல்ஸ் தரையில் ஏறாதீர்கள். வழுக்கி விழப் போவது நாயாக இருக்காது. கீழே சேலத்தில் வெயில்தான் தொல்லை. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மின்விசிறி மட்டுமே ஓடும் கூடத்தில் பதினோரு மணிக்கு மேல் அதை உட்கார வைப்பது கொடுமை.

எவ்வளவு நேரம்? மேலே சொன்ன வழிகாட்டுதல் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. நான் 40 நிமிடத்தில் எழுந்துவிடுவேன்.

சுத்தமும் காயமும்

வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும், சான்று அட்டையோடு. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, போவதற்கு முந்தின நாள் குளியல், நகம் வெட்டி அரத்தால் தேய்த்து முனை மழுக்குவது. இவற்றைப் பற்றி வாதம் செய்ய ஒன்றுமில்லை. பலர் தவறவிடுவது உணவை. கோழிக் கழிவையோ பச்சை இறைச்சியையோ தின்னும் நாயின் எச்சிலிலும் மலத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். நாய் நோயில்லாமல் நன்றாகவே இருக்கும். கடந்த 90 நாளில் பச்சை இறைச்சி தின்ற நாயை உள்ளே விடாதே என்பது அந்த வழிகாட்டுதலின் விதி. வேகவைத்துப் போடுங்கள்.

முதியவர்களின் தோல் வெங்காயச் சருகு போன்றது. கருப்பட்டியின் நகம் பட்டு ஒரு தாத்தாவின் முழங்கையில் கோடு விழுந்தது. நமக்கு அது கீறலே இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். பஞ்சை எடுத்தால் மீண்டும் கசிந்தது. அதிலிருந்து கட்டில் மேல் நாயின் கால் படுவதாக இருந்தால், கீழே நான் கொண்டுபோகும் துவைத்த துண்டை விரிக்கிறேன். டயாலிசிஸ் செய்கிறவரின் ஊசிக் கை இருக்கும் பக்கமாக நாயை நிறுத்துவதில்லை. படுக்கைப் புண் உள்ளவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொண்டிருப்பவர், வயிற்றுப்போக்கு உள்ளவர் யார் யார் என்று முன்கூட்டியே கேட்டு அவர்களைத் தவிர்க்கிறேன். தொடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் கைக்குக் கிருமிநாசினி. முகத்தை நக்க விடுவதில்லை.

கயிறு குட்டையாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் வகைக் கயிறு மூத்திரப் பைக் குழாயிலும் ஆக்சிஜன் குழாயிலும் எளிதாகச் சுற்றிக்கொள்ளும். ‘ஒரு நிமிடம்’ என்று கட்டில் காலில் கட்டிவிட்டுப் போகவே கூடாது.

தரையைப் பாருங்கள். இந்த இல்லங்களில் கட்டிலுக்கடியில் மாத்திரை கிடக்கும். விழுந்தது, துப்பியது, ஒளித்து வைத்தது. வலிமாத்திரை ஒன்றிரண்டு போதும், நாயின் வயிறும் சிறுநீரகமும் பாழாக. ‘விடு’ என்றால் வாயருகே வந்ததையும் விட்டுவிடும் பழக்கம் வராமல் நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

தின்பண்டம் இதைவிடக் கடினம், ஏனென்றால் அது அன்போடு வருகிறது. மாலைத் தேநீருக்குக் கொடுத்த மாரி பிஸ்கட்டில் பாதியைக் காகிதத்தில் மடித்து, தலையணைக்கடியில் கருப்பட்டிக்காக எடுத்து வைக்கிறார்கள். பாயசத்துத் திராட்சையும் சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு. சர்க்கரை நோயாளிகளுக்கான சில மிட்டாய்களில் இருக்கும் சைலிட்டால் அதைவிடக் கொடிய நஞ்சு. வேண்டாம் என்று கையைத் தட்டிவிட முடியுமா? நான் ஒரு சிறிய சம்புடத்தில் நாய்த் தீனி கொண்டுபோகிறேன். பிஸ்கட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தீனியை அவர்கள் உள்ளங்கையில் வைக்கிறேன். கொடுக்கும் இன்பம் போவதில்லை.

படம், கேள்வி, பெயர்

பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்துவிட்டு முதியவர்களோடு நின்று படம் எடுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நாய் இருந்தால் படம் இன்னும் நன்றாக அமைகிறது. அதுதான் ஆபத்து. அம்மா முதியோர் இல்லத்தில் இருப்பதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லாத குடும்பங்கள் ஏராளம். “பெங்களூரில் மகளோடு இருக்கிறார்” என்றுதான் ஊரில் பேச்சு. நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்ட படம் அந்த ஊருக்குப் போய்ச் சேரும். அவமானம் அந்த அம்மாவுக்கு. நான் முதல் நாள் எடுத்த படத்தை அழித்துவிட்டேன்; பிறகு எடுப்பதில்லை.

“பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தவும் வேண்டாம். மூன்றாவது கட்டிலில் ஒரு தாத்தா. கருப்பட்டியை அவர் மணி என்றே அழைப்பார். நாய் என்றாலே மணி என்று பெயர் வைத்த தலைமுறை. “இது கருப்பட்டி, தாத்தா” என்று நான்கு வாரம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் முகம் சுருங்கும். ஐந்தாவது வாரம் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குத்தான் மணியின் கதை வந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டியோடு சேகோ ஆலை வரைக்கும் அது ஓடி வருமாம். இவர் வண்டியில் தூங்கிவிட்டால் எதிரில் லாரி வரும்போது குரைத்து எழுப்புமாம். கருப்பட்டியின் காதை இரண்டு விரலால் நீவிக்கொண்டே சொன்னார். இடது காதில் ஒரு வெட்டு இருக்க வேண்டுமே என்று தேடினார். ஆறிவிட்டது என்றேன். அப்படியா என்றார்.

வருகிறேன் என்று சொன்ன வாரம் போக முடியாவிட்டால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நாள் தெரியாதவர்களுக்கும் நீங்கள் வரும் நாள் தெரியும். போகிற நாளிலும் புறப்படும் முன் இல்லத்து அலுவலகத்தை அழைத்து, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கட்டில் மாறியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு கார்த்திகை மாதம் அதைக் கேட்காமல் போனேன். கருப்பட்டி என்னை இழுத்துக்கொண்டு நேராக மூன்றாவது கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து, காதை நீட்டிக் காத்திருந்தது. கட்டிலில் முந்தின நாள் வந்து சேர்ந்த ஒரு புதியவர் படுத்திருந்தார். காலை மேலே இழுத்துக்கொண்டு, “இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க” என்றார்.