பட்டமளிப்பு விருந்துக்கு எளிய உணவுத் தேர்வு

கோலாலம்பூரில் பட்டமளிப்பு விழாவுக்குப் பின் வீட்டில் விருந்து வைப்பவர்கள், மகனோ மகளோ அழைத்துவரும் மலாய், சீன நண்பர்களையும் சைவ உணவு உண்ணும் உறவினர்களையும் மனத்தில் வைத்தே உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாட்டிறைச்சியை அறவே தவிர்த்து, ஹலால் கோழியை மட்டும் வாங்கிப் பிரட்டினால் பெரும்பாலோர் தயக்கமின்றி உண்பார்கள். தேங்காய்ப்பாலில் சமைத்த சோறான நாசி லெமாக் பலருக்கும் பிடித்ததுதான். ஆனால் அதனுடன் வரும் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் வழக்கமாக நெத்திலியும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் சேர்வதால், சைவ உணவினருக்கென அவை இல்லாத சம்பலைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியுடன் வைப்பதே மரியாதை. தேங்காய்ப்பால் சோறு நம் ஊர் வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும் என்பதால், விருந்து பிற்பகல் முழுவதும் நீளுமானால் அதை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள். அதற்கு வசதியில்லையெனில் சிறிது சிறிதாகச் சமைத்துப் பரிமாறுங்கள். மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப், உளுந்து வடை ஆகியவற்றை நின்றபடியே உண்ணலாம். இனிப்புக்குக் கேசரி போதும்.