பழைய டாங்கி கிட்: மட்டக்களப்புக் காற்றில் கட்டிப் பெயின்ட் அடிப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பயணப் பெட்டியில் சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் பாகங்களை ஒட்டிக் கட்டும் ஒரு பழைய பிளாஸ்டிக் மொடல் கிட் வந்து சேர்ந்தால், பழசு என்று அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிடாதீர்கள். நாற்பது, ஐம்பது வருடம் போன பிளாஸ்டிக் இன்றைக்கும் நன்றாக ஒட்டும். வயதாவது இரண்டு பொருளுக்குத்தான்: ரப்பர் மாதிரி வளையும் சங்கிலிப் பட்டிக்கும், தண்ணீரில் நனைத்து வண்டியில் ஒட்டும் இலக்கங்களும் சின்னங்களும் உள்ள டெகால் தாளுக்கும். மூன்றாவது தொல்லை பெட்டிக்குள் இல்லை. அது நம் ஊர்க் காற்று. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் இருந்து எழுதியவை. ஆடி மாதக் கச்சான் காற்றில் கல்லடியில் நின்று ஸ்பிரே அடிப்பவருக்கு அவை பாதி வழி வரைக்கும்தான் கூட வரும்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்திருப்பது ஜப்பானின் தமியா நிறுவனம் 1981இல் வெளியிட்ட எம்4ஏ3 ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கி, 1/35 அளவு. உண்மையான வண்டி ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளம், மொடல் 17 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வேறு பழைய கிட் என்றாலும் முறை இதுதான். எதைக் கட்டுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நான் இரண்டாம் உலகப் போர் வண்டிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் வீதியில் ஓடிப் பார்த்த வண்டிகளைச் சின்னதாகச் செய்து ஷோகேசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலும் விடமாட்டார்கள். அது அவரவர் விருப்பம்.

பெட்டியைத் திறந்ததும்

முதல் வேலை, சங்கிலிப் பட்டிகளை வெளியே எடுப்பது. இவை மென்மையான வைனைல். அதை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் வருடக் கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். சக்கரத்தின் மேல் பட்டி கிடந்திருந்தால் சக்கரத்தில் பட்டியின் அச்சே பதிந்திருக்கும். தகரக் கூரையின் கீழ் வைத்த பெட்டி என்றால் இன்னும் வேகமாக நடக்கும். பட்டிகளைத் தனியாக அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

அடுத்து, பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமல் அப்படியே பாத்திரம் கழுவும் திரவத்தில், பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி நிழலில் காய விடுங்கள். தொழிற்சாலை அச்சில் பூசிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. கோணியிருக்கும் பாகத்தைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, நேராக்கிப் பிடித்துக்கொண்டே குளிர்ந்த தண்ணீரில் விடலாம். கொதிதண்ணீர் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் 100 பாகை செல்சியசை நெருங்கும்போதே இளகிவிடும்.

என்ன வாங்கலாம், என்ன வேண்டாம்

பசைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். தமியாவின் பச்சை மூடிப் போத்தல், எக்ஸ்ட்ரா தின். கொழும்பிலிருந்து எடுப்பித்தாலும் பரவாயில்லை. மற்றதெல்லாம் ஊரிலேயே கிடைக்கும்: நல்ல நகவெட்டி, கத்தி பிளேட், ஹாட்வெயார் கடையில் 400, 800, 2000 இலக்கத் தண்ணீர் சாண்ட் பேப்பர், மாஸ்கிங் டேப், பாகங்களைக் குத்திப் பிடிக்க ஈர்க்கில். காற்றால் பெயின்டை விசிறும் எயார் பிரஷ்ஷும் கொம்பிரசரும் முதல் வண்டிக்குத் தேவையில்லை. அந்தக் காசில் இன்னும் இரண்டு கிட் வாங்கலாம். சூப்பர் குளூவை வைத்து முழு டாங்கியையும் ஒட்டும் வழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. அது மேலே பிடிக்கும், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்காது. இரும்பு, வைனைல் ஆகியவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உடலைக் கட்டுதல்

எக்ஸ்ட்ரா தின்னை பாகத்தில் பூசிவிட்டு ஒட்டக்கூடாது. இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடியுங்கள். பிரஷ் நுனியை இடுக்கில் தொட்டால் திரவம் தானாக உள்ளே ஓடும். கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் இடுக்கிலிருந்து உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய கோடாகப் பிதுங்கி வரும். துடைக்காதீர்கள். மறுநாள் காய்ந்த பின் பிளேட்டால் சீவி, 400 இலக்கத் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பொருத்திய தடமே தெரியாது. பீரங்கிக் குழாயும் சக்கரங்களும் இரண்டு பாதிகளாக வரும் கிட்டுகளில் இது கைகொடுக்கும்.

பழைய கிட்டுகளின் அடிப்பகுதியில் தேவையில்லாத ஓட்டைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் இவை மோட்டர் வைத்து ஓட்டும் விளையாட்டுச் சாமான்கள். 1/35 என்ற விசித்திரமான அளவே 1960களின் தொடக்கத்தில் தமியா செய்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டரும் பற்றரியும் அடங்க வேண்டும் என்று பார்த்ததால் வந்ததுதான். ஷெர்மனில் இன்னொன்று உண்டு: சங்கிலிக்கு மேலே துருத்தி நிற்கும் பக்கப் பகுதிக்கு அடித்தட்டு கிடையாது. கீழிருந்து பார்த்தால் வெறும் பொந்து.

அதை மூட யோகட் கோப்பை போதும். கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், கிட்டின் அதே பிளாஸ்டிக், பசை பிடிக்கும். 5 என்று இருந்தால் தூக்கி எறியுங்கள், என்ன செய்தாலும் ஒட்டாது. கோப்பையின் பக்கத்தைச் சின்ன ஓட்டைக்கும், இரண்டு அடுக்காக ஒட்டிப் பெரிய ஓட்டைக்கும் பாவிக்கலாம். மிச்ச இடுக்குகளுக்கு, வெட்டி எறியும் சட்டத் துண்டுகளை நறுக்கி, பசைப் போத்தலின் அடியில் மிஞ்சியதில் ஊறப் போடுங்கள். ஓரிரு நாளில் கூழாகிவிடும். கடையில் விற்கும், இடுக்கு நிரப்பும் கலவையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் காய்ந்ததும் அது கிட்டின் பிளாஸ்டிக்காகவே ஆகிவிடுகிறது. ஆனால் நன்றாக இறுகச் சில நாள் எடுக்கும், அவசரப்படுபவர்களுக்குச் சரிவராது.

சங்கிலி

முதலில் பட்டியை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பப்படமாக நொறுங்கினால் அதைக் காப்பாற்ற வழியில்லை, வேறு பட்டி வாங்கத்தான் வேண்டும். விறைப்பாக இருந்தால் மட்டும் சுடுதண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டு மெல்ல இழுத்துக் கொடுக்கலாம்.

முனைகளைச் சேர்ப்பதற்கு, ஒரு முனையில் உள்ள சின்னக் குமிழ்களை மறு முனையின் துளைகளில் நுழைத்து, மெழுகுதிரியில் சூடாக்கிய ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குமிழின் தலையைத் தட்டையாக்கச் சொல்லி அறிவுறுத்தலில் இருக்கும். புதுப் பட்டிக்கு அது சரி. வயதான வைனைல் சூடு பட்டதும் சில வேளை அப்படியே அறுந்து போகும். தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய தங்கூசியால் உள்பக்கமாக நான்கு தையல் போட்டு, முடிச்சில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். தைத்த இடம் பக்கத் தகட்டின் கீழே வரும்படி திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது.

பட்டி சுருங்கியிருந்தால் பின் சக்கரத்தை மேலே இழுத்து வளைத்துவிடும். அதனால் அந்தச் சக்கரத்தை மட்டும் கடைசி வரை ஒட்டாமல் வைத்து, பட்டியைப் போட்ட பின் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கம் பார்த்து ஒட்டுங்கள். உண்மையான ஷெர்மனிலும் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்தது அந்தப் பின் சக்கரத்தை நகர்த்தித்தான். ஜேர்மன் டாங்கிகளைப் போல் மேலே தொய்வு காட்டத் தேவையில்லை, ஷெர்மனின் சங்கிலி இறுக்கமாகவே ஓடும்.

பெயின்ட்

முதலில் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு. வாகன உதிரிப்பாகக் கடைகளில் விற்கும் சாம்பல் ஸ்பிரே டின் மலிவு, நன்றாகப் பிடிக்கும். ஆனால் சில டின்களின் தின்னர் பிளாஸ்டிக்கையே அரிக்கும். வெட்டிய சட்டத் துண்டில் அடித்துக் காயவிட்டுத் தடவிப் பாருங்கள். தோல் உரிந்தாற்போல் சொரசொரத்தால் அந்த டின் மோட்டார் சைக்கிளுக்குத்தான்.

இனிக் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்குவதால் நம்மிடம் வரும்போது சூடாகவும் வறண்டும் இருக்கும். அந்தக் காற்றில் ஸ்பிரே அடித்தால், பெயின்ட் துளிகள் வண்டியில் விழுவதற்கு முன்பே பாதி காய்ந்து பொடியாகப் போய்ப் படியும். பார்க்க மினுக்கமில்லாத மேட் பூச்சு போலத்தான் தெரியும், விரலால் தடவினால் சாண்ட் பேப்பர். அதன் மேல் டெகால் ஒருநாளும் படியாது.

ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும் வந்தால் இதற்கு நேர்மாறு. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றில் உள்ள நீர் அந்தக் குளிரில் ஒடுங்கிப் பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒலிவ் பச்சை வண்டியில் பால் சிந்திய வெள்ளைப் புகை படர்வது அதனால்தான். லேக்கர் வகை ஸ்பிரே டின்களுக்கும் மேட் வார்னிசுக்கும் இது அதிகம்.

ஆகவே என் கணக்கு இப்படி: மழை மாதங்களில் வெட்டி ஒட்டும் வேலை, பங்குனி சித்திரையில் பெயின்ட். கச்சான் மாதத்தில்தான் அடிக்க வேண்டும் என்றால் விடிந்து வெயில் ஏறுவதற்குள், காற்று எழும்ப முன் அடித்து முடியுங்கள். பின்னேரம் காற்று அடங்கிவிட்டது என்று நினைப்பீர்கள், புழுதி அடங்கியிருக்காது. அடிப்பதற்கு முன் முற்றத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பெரிய கார்ட்போர்ட் பெட்டியைச் சரித்து வைத்து, திறந்த வாய் காற்றுக்கு முதுகு காட்டும்படி திருப்பி, அதற்குள் வண்டியை வையுங்கள். டின்னைச் சாணுக்கும் குறைவான தூரத்தில் பிடித்து, வண்டிக்கு வெளியே தொடங்கி வண்டிக்கு வெளியே முடியும்படி மெல்லிய வீச்சுகளாக அடியுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

பொடி படிந்துவிட்டால் சுரண்டத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த பின் 2000 இலக்கத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, மறுபடி ஒரு மெல்லிய வீச்சு. வெள்ளைப் புகை படர்ந்தால் வெயில் காயும் ஒரு நாள் வரை பொறுத்து, அதே பெயின்டை மேலே லேசாக அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நிறத்துக்குத் தமியா எக்ஸ்எஃப் 62, ஒலிவ் டிராப். போத்தலில் இருந்தபடியே பூசினால் இந்தச் சின்ன அளவில் கறுப்பாகத் தெரியும். இரண்டாவது பூச்சில் கொஞ்சம் பஃப் என்ற மணல் நிறம், அதாவது எக்ஸ்எஃப் 57 கலந்து, மேலே வெயில் படும் தட்டுகளுக்கு மட்டும் கொடுங்கள். வெள்ளை கலக்காதீர்கள், ஒலிவ் நிறம் செத்துச் சாம்பலாகிவிடும். தமியா அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசினால் இழுபடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காமல், தின்னர் சேர்த்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுப்பதே வழி. தூரிகைக்கு வலேஹோ என்ற இன்னொரு நிறுவனத்தின் அக்ரிலிக் சுலபம்.

டெகால்

மஞ்சளாகிப் போன தாளைத் தெளிவான பொலித்தீன் உறைக்குள் காற்றுப் புகாமல் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். நம் வெயிலுக்குச் சில நாட்களிலேயே மஞ்சள் குறையும். பிறகு தேவையில்லாத ஒரு இலக்கத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால், முழுத் தாளின் மேலும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். ஒட்டும் இடம் மினுமினுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி நிறமாகப் பளபளக்கும்.

பீரங்கி பொருத்திய சுழல் கோபுரத்தின் பெரிய வெள்ளை நட்சத்திரம் கிழிந்துவிட்டதா? விடுங்கள், சேற்றைப் பூசுங்கள். எதிரிக்கு அது நல்ல குறியாக இருந்ததால் டாங்கிக்காரர்களே அதைச் சேற்றாலும் பெயின்டாலும் மறைத்தார்கள்.

சேறு

கல்லடிக் கடற்கரை மணலைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அரை மில்லிமீற்றர் மணல் 1/35 கணக்கில் 17 மில்லிமீற்றருக்கும் மேலான கல்லாகிவிடும். புற்று மண்ணை இடித்து, பழைய நைலோன் காலுறையில் சலித்தால் விழும் மாவு மாதிரியான தூள்தான் சரி. மேட் வார்னிசில் குழைத்துச் சக்கரங்களிலும் சங்கிலியிலும் கீழ்ப்பக்கத்திலும் தட்டிவிடுங்கள். இடுக்குகளுக்குப் பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து ஓடவிடலாம். அதற்கு முன் அக்ரிலிக் பூச்சு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். விளிம்பெல்லாம் வெள்ளி தேய்த்துப் பழசாக்கும் பாணி எனக்குப் பிடிக்காது. ஓரிரு மாதம் சண்டையில் நின்ற வண்டி அப்படித் தேய்ந்திராது.

பிற்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், பாமசியில் வாங்கிய ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் ஊற்றியதும் பெயின்ட் திரிந்துபோனதாக எழுதியிருந்தார். அது வலேஹோ. அந்த அல்கஹோல் தமியா அக்ரிலிக்குக்கு மட்டும். வலேஹோவுக்கு அதன் சொந்தத் தின்னர் அல்லது தண்ணீர்.

பிற்சேர்க்கை 2: கல்முனையிலிருந்து வந்த கேள்வி, பெட்டியைத் திறக்கும்போதே சங்கிலி சக்கரங்களைத் தின்றிருந்தால் என்ன செய்வது? பள்ளங்களில் சட்டக் கூழை நிரப்பி, இறுகிய பின் தேய்த்துவிடுங்கள். மோசமான சக்கரத்தை ஒட்டும்போது அரிபட்ட பக்கம் கீழே, சங்கிலியைத் தொடும்படி திருப்புங்கள். பட்டியைப் போடுவதற்கு முன் எல்லாச் சக்கரத்தின் ஓரத்துக்கும் பிரைமரும் பெயின்டும் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கைத்தான் வைனைல் மறுபடி தின்னத் தொடங்கும்.