கட்டி ஒளிர்ந்தால் மட்டும் போதுமா? ஆன்டிபாடி படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருட்டிய பிறகு ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால், கீழே சேலம் முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரியும். எந்தச் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை என்பது அங்கிருந்து தெரியாது. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு. அதில் சாயமோ கதிரியக்க அணுவோ கோத்து, புற்றுநோய்க் கட்டி உள்ள சுண்டெலிக்கு ஊசி போட்டு, முழு உடலாக ஸ்கேன் செய்து, ‘கட்டி ஒளிர்கிறது, ஆகவே மருந்து எல்லாச் செல்லுக்கும் போய்விட்டது’ என்று எழுதுவதும் இப்படித்தான். சேலத்தில் பயோடெக் படிக்கும் பிள்ளைகளின் ப்ராஜெக்டுகளில் நான் அதிகம் திருத்துவது இந்த வரியைத்தான்.

கதிரியக்கத்தை வைத்துப் படமெடுக்கும் பெட் ஸ்கேன், எலிகளுக்கானதுகூட, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும். ஆன்டிபாடி ரத்தநாளத்தை விட்டு வெளியே வந்து கடக்க வேண்டிய தூரமோ 100 மைக்ரான் அளவு, அதாவது அதில் பத்தில் ஒரு பங்கு. கட்டிக்குள் மொத்தம் எவ்வளவு வந்தது என்பதை ஸ்கேன் சொல்லும். எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க, கட்டியைச் சீவல்களாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். ஆன்டிபாடிக்கு ஒரு நிறம், நாளச் சுவரைக் காட்டும் சிடி31க்கு ஒரு நிறம், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய புரதத்துக்கு இன்னொரு நிறம். மூன்றும் ஒரே சீவலில் இருக்கட்டும். நாளம் இருக்கிறது என்பதற்காக அதில் ரத்தம் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். எலியின் உயிர் பிரிவதற்கு ஒரு நிமிடம் முன்பு ஹெக்ஸ்ட் 33342 சாயத்தை ரத்தநாளத்தில் ஏற்றினால், ரத்தம் ஓடும் நாளங்களைச் சுற்றி மட்டும் நீலம் படியும்.

அடுத்தது டோஸ். ஆடிப் பண்டிகையில் கோயில் வாசலில் கூழ் ஊற்றும்போது, அண்டா சின்னதாக இருந்தால் முன்னால் நிற்பவர்கள் தூக்குப்போசி நிறைய வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் நிற்பவருக்கு ஒரு வாய் கிடைக்காது. இறுக்கமாகப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் குறைந்த அளவில் கொடுத்தால் கட்டிக்குள்ளும் இதேதான். நாளத்தை ஒட்டிய செல்கள் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஜான் வைன்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் 1990 வாக்கில் இதைப் பிணைப்பிடத் தடை என்று விளக்கினார்கள். ஆகவே துளி அளவு டோஸில் எடுத்த படத்தை வைத்து, சிகிச்சை டோஸ் எப்படிப் பரவும் என்று முடிவு கட்டக் கூடாது. டிராஸ்டுசுமாப் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபாடி. நச்சு மருந்து கோத்த டிராஸ்டுசுமாபோடு வெறும் டிராஸ்டுசுமாபையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்து எலிக்கட்டியின் உட்புறம் வரை போனதைப் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அண்டா பெரிதானதும் கடைசி ஆளுக்கும் கூழ் வந்துவிட்டது.

நேரத்திலும் பலர் தவறுகிறார்கள். ஆன்டிபாடி 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு, ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் கட்டியில் தெரிவது பெரும்பாலும் அங்கே ஓடும் ரத்தம்தான். 24, 72 மணி நேரங்களிலும் பாருங்கள். கதிரியக்க அணுக்களில், அரை ஆயுள் 78 மணி நேரம் உள்ள ஜிர்கோனியம்-89 இதற்குப் பொருந்தும். 110 நிமிட ஃபுளோரின்-18 தாங்காது.

ஒப்பீட்டு ஆன்டிபாடி இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். கட்டியின் நாளங்கள் ஒழுகும். எதையும் பிடிக்காத ஆன்டிபாடிகூடக் கொஞ்சம் உள்ளே சேரும். அதே பருமன், அதே சாயம், அதே டோஸில் அதையும் ஒரு குழு எலிகளுக்குக் கொடுத்தால்தான் வித்தியாசம் புரியும். இது இல்லாத சோதனையில் போன எலிகளின் உயிர் வீண். இதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம் சாயம். ஒரு ஆன்டிபாடியில் நிறைய சாயம் ஏற்றினால் கல்லீரல் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். செல் விழுங்கிச் செரித்த பின்பு ஒளிர்வது சாயம்தான், முழு ஆன்டிபாடி என்று சொல்ல முடியாது. விடுபட்ட ஜிர்கோனியம் எலும்பில் போய்ப் படியும். தீவனத்தில் குதிரைமசால் இருந்தால் அதன் பச்சையம் குடலில் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும், சில நாள் முன்பே தீவனத்தை மாற்றிவிடுங்கள். மனிதப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி எலியின் மற்ற உறுப்புகளில் ஒட்டாது. அந்தச் சுத்தமான படத்தைப் பார்த்து, மனிதரிலும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள்.

படம் தேர்ந்தெடுக்கும்போது விளிம்பிலிருந்து நடுவரை முழுச் சீவலையும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து, அளவுகோல் கோட்டோடு போடுங்கள், இருட்டாக வந்த பகுதியை வெட்டிவிடாமல்.