ஸ்டிர்லிங் எஞ்சினை ஆண்டுக்கணக்கில் ஓட்டிச் சோதிப்பது எப்படி

உள்ளே அடைத்த வாயுவை ஒரு முனையில் சூடாக்கி, மறுமுனையில் குளிரவைத்து பிஸ்டனை ஓட்டுவதுதான் ஸ்டிர்லிங் எஞ்சின். கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் ஒரு ஃப்ரீ பிஸ்டன் (கிராங்க் தண்டோடு இணைக்காமல் பிஸ்டன் தானே ஆடும்) ஸ்டிர்லிங் எஞ்சின் பராமரிப்பே இல்லாமல் 14 ஆண்டு ஓடி, 2020-ல் சாதனை படைத்தது. நொடிக்கு 80 தடவை என்று வைத்தால், பிஸ்டன் 3,500 கோடி தடவைக்கு மேல் போய்வந்திருக்கும். விண்கலத்தில் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-238 தரவேண்டிய வெப்பத்தை இங்கே மின் ஹீட்டர் தருகிறது. இப்படி ஓட்டும்போது எஞ்சினுக்கு முன்னால் கிழடு தட்டுவது சோதனை மேடைதான்.

முதலில் வாயு. உள்ளே ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ரீஜெனரேட்டரின் (வாயு போய்வரும்போது வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் பகுதி) மெல்லிய கம்பிகள் துருவேறி உதிரும். அந்தத் துகள் பிஸ்டன் இடுக்கில் போய் உட்காரும். வெற்றிடமாக்கி, 99.999% ஹீலியம் நிரப்பி, மறுபடி உறிஞ்சி எடுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள். சூடாக்கி உறிஞ்சினால் ஈரமும் போகும். ஆனால் பிஸ்டன் அசைவை மின்சாரமாக்கும் ஆல்டர்னேட்டரின் காந்தமும் பசையும் தாங்கும் சூடு எவ்வளவோ அதுதான் எல்லை.

அடுத்து பாதுகாப்பு. லோடு, அதாவது ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை இழுக்கும் கருவி, திடீரென்று அறுந்தால் பிஸ்டனைப் பிடிக்க ஆளில்லை. வீச்சு கூடி முட்டிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தும் ரெசிஸ்டரை நார்மலி குளோஸ்டு ரிலே (கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் சுவிட்ச்) வழியாக இணையுங்கள். கரண்ட் போனாலே ரெசிஸ்டர் தானாக இணைந்துவிடும். அதே நொடியில் ஹீட்டரும் அணைய வேண்டும். நின்றுபோன எஞ்சின் வெப்பத்தை இழுக்காது, சூடான முனையின் வெப்பநிலை எகிறிவிடும். குளிர்நீர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பம்புக்குத் தனி யு.பி.எஸ். கொடுங்கள்.

பலர் ஏமாறுவது அளவீட்டில்தான். ஹீட்டர் வாட் மெல்லக் கூடுகிறது, எஞ்சின் தரும் மின்சாரம் அப்படியே இருக்கிறது என்றால் எஞ்சினைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். குளிர்நீர் கொண்டுபோகும் வெப்பத்தைப் பாருங்கள். அதுவும் மாறவில்லையா? காப்புறைதான் கெட்டிருக்கிறது. 180 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் எடுத்தால் வெப்பநிலை வித்தியாசம் 2.6 டிகிரிதான். 0.1 டிகிரி பிழை வந்தாலே கணக்கில் 4% போய்விடும். ஓட்டத்தைப் பாதியாக்கினால் வித்தியாசம் இரட்டிக்கும், பிழையின் பங்கு குறையும்.

சூடான முனையில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் சென்சார் மூன்றாவது வையுங்கள். 650 டிகிரியில் வருடக்கணக்கில் கிடந்தால் K வகை சென்சாரின் அளவு நகர்ந்துவிடும், N வகை மேல். ஒன்று மட்டும் விலகினால் சென்சார் கோளாறு; மூன்றும் சேர்ந்து விலகினால்தான் யோசிக்க வேண்டும்.

ஹீலியம் கசிகிறதா என்று அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். வாயு 3 டிகிரி சூடானாலே அழுத்தம் சுமார் 1% ஏறும். கெல்வினில் திருத்தி, மாதம் ஒருமுறை ஒரே நிலையில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.