'டைசி': ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேடிப் பிடிப்பது எப்படி?

மார்கழியில் கனடாவிலிருந்து வந்த மச்சாளோடு நெடுந்தீவுக்குப் போகலாம் என்று குறிகாட்டுவான் இறங்குதுறை வரை போனோம். வாடைக்காற்று. கட்டியிருந்த படகுகள் கயிற்றை இழுத்து இழுத்து ஆடின. கடலைப் பார்த்தவள், "இது டைசி, வேண்டாம்" என்றாள். திரும்பிவிட்டோம். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு போனது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் எழுத்துக்கூட்டல். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தை, கை என்று போனில் தட்டிப் பழகிய விரல், 'ஐ' ஒலி கேட்டதும் ஏ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிடும். அப்படித் தேடினால் வருவது டெய்சிப் பூ! ஆங்கிலத்தில் அந்தச் சோடி பெரும்பாலும் 'பெயின்ட்'டில் வருவதுபோல 'ஏய்' என்றே ஒலிக்கும். ஆகவே ஒலி ஒத்த, தெரிந்த சொல்லை நினையுங்கள்: ஐஸ், ரைஸ். அவற்றின் ஐ, சீ, ஈ இங்கேயும் உண்டு. முன்னால் டீ, பின்னால் வை. அவ்வளவுதான்.

அடுத்து பொருள். கூகுள் மொழிபெயர்ப்பு தரும் ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள்; மாணவர்களுக்கான ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியே நல்லது, உதாரண வசனமும் கிடைக்கும். நிச்சயமில்லாத, பிசகினால் ஆபத்தாகக்கூடிய நிலைதான் டைசி. புயல் அடிக்கும்போது கடலுக்குப் போவது வெறும் டைசி அல்ல, நேரடி ஆபத்து. போகலாமா, விடலாமா என்று கரையில் நின்று யோசிக்க வைக்கும் கடல்தான் டைசி.

கடைசியாகப் பிறப்பு. இதற்கு ஒன்லைன் எட்டிமொலொஜி அகராதியைத் திறவுங்கள். 'டைஸ்' என்றால் தாயக்கட்டை. அதோடு 'வை' சேர்ந்து பிறந்த சொல் இது. 1940களில் விமானிகளின் பேச்சில் புழங்கியது. உருட்டிய கட்டை எந்தப் பக்கம் விழும் என்று யாருக்குத் தெரியும்? அம்மம்மா வீட்டுத் திண்ணையில் சோகி குலுக்கித் தாயம் விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம்மிடமும் தாயக்கட்டைக்குப் பழைய சொல் உண்டு: கவறு. குறளில் சூது அதிகாரத்தில் வருகிறது.

பின்சேர்க்கை: சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரையில் எழுதலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வேண்டாம், இது பேச்சுச் சொல். அங்கே 'ரிஸ்கி' என்றே எழுதுங்கள்.